எல்லாப் புற்றுநோய்க்கும் ஏன் ஒரே சிகிச்சை இல்லை?

புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் பல நோய்களின் பொதுப்பெயர். வயலில் வேண்டாத செடிகள் எல்லாவற்றையும் களை என்பதைப் போல. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கிவிடலாம். கோரையைப் பிடுங்கினாலோ கிழங்கு மண்ணில் தங்கி மறுபடி முளைக்கும். குடலில் வந்த கட்டியைப் பரவுமுன் வெட்டியெடுக்கலாம். ரத்தப் புற்றுநோயான லுக்கேமியா எலும்பு மஜ்ஜையில் தோன்றி ரத்தத்தோடு ஓடுவதால் அங்கே கத்திக்கு வேலையில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குள்ளேயே வகைகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் துணையால் வளரும் கட்டிக்குப் பெரும்பாலும் தமாக்சிபென் போன்ற மாத்திரை, 5 ஆண்டுகளாவது. ஹெர்-2 புரதம் மிகுந்த கட்டிக்கு டிராஸ்டுசுமாப் ஊசி. எந்த வகை என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்லும்.

திசு எடுக்க ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிப் பலர் தள்ளிப்போடுவது வேதனை தருகிறது. அப்படிப் பரவுவது மிக அரிது, தள்ளிப்போடும் மாதங்களில்தான் கட்டி வளர்கிறது.