எல்லா பேண்டுக்கும் ஒரே கம்பி போதுமா?

(வீரவநல்லூரில் மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் அண்ணாச்சி, ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) பற்றி வாசகர்கள் கேட்பதற்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் கம்பி ஆன்டெனா. பேண்ட் என்றால் ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டு.)

கேள்வி: அண்ணாச்சி, லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. எங்கள் மொட்டை மாடி 18 மீட்டர் நீளம். 3.5 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரை எங்கே திருப்பினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய பவர் எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு, ஒன்று என்றால் திரும்பவே இல்லை) இரண்டு, இரண்டரையைத் தாண்டாத ஆன்டெனா ஒன்று இருக்கிறதாம். நடுவில் ரெசிஸ்டர் வைத்தது, ரேடியோவையும் ஆன்டெனாவையும் பொருத்திவைக்கும் டியூனரே தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? வாங்கலாமா?
– திசையன்விளை வாசகர்

பதில்: உண்மைதான் தம்பி. ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம்.

நீங்கள் சொல்வது டி2எஃப்டி. இரண்டு கம்பிகளை இணையாக ஓட்டி முனைகளைச் சேர்த்துவிட்டு, ஒன்றின் நடுவில் கேபிளையும் மற்றதன் நடுவில் ரெசிஸ்டரையும் வைப்பார்கள். 1940களில் அமெரிக்கக் கடற்படையில் உருவான வடிவம். காலையில் ஒரு அலைவரிசை, மதியம் இன்னொன்று என்று நினைத்த நேரத்தில் மாற வேண்டியவர்களுக்கு அது பெரிய வசதி.

ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஒன்றைத்தான் சொல்லும்: அனுப்பிய பவர் திரும்பி வருகிறதா இல்லையா என்று. திரும்பி வராதது வானத்துக்குப் போனதா, ரெசிஸ்டரில் சூடாகத் தீர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (வெறும் ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்கள், முள் அசையாது, ஒன்றுக்கு ஒன்று காட்டும். அதை வைத்து யாருடனாவது பேச முடியுமா? என் கடைக்கு வருகிற விவசாயிகள் பல பேர், "அண்ணாச்சி, ஆம்பியர் சரியா காட்டுது, மோட்டார் ஓடுது, தண்ணிதான் வரல" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஃபுட்வால்வு கசியும். அதே கதைதான் இங்கேயும்.

நானே கட்டிப் பார்த்திருக்கிறேன். 14 மீட்டர் நீளம், 7 மெகா ஹெர்ட்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு அலைநீளம். 4.7 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் பன்னிரண்டை இணையாகச் சேர்த்தால் 390 ஓம் வரும், 24 வாட் தாங்கும். (கம்பி சுற்றிய ரெசிஸ்டரை இதற்கு எடுக்காதீர்கள். அது ஒரு கம்பிச் சுருள், ரேடியோ அலையைத் தடுக்கும் இண்டக்டன்ஸ் வந்துவிடும்.) மழை படாமல் இருக்க அதை ஒரு பிவிசி குழாய்த் துண்டில் அடைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டேன். மீட்டர் முள் எங்கேயும் இரண்டைத் தாண்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்திலேயே அதே உயரத்தில் 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகா ஹெர்ட்ஸ்) சாதாரண டைபோல் ஒன்றும் இருந்தது. டைபோல் என்றால் அரை அலை நீளக் கம்பி, நடுவில் கேபிள். இரண்டையும் ஒரு ஸ்விட்சில் சேர்த்து, மதுரை நண்பர் ஒருவரிடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். "முதல் கம்பியில் எஸ் 8, இரண்டாவதில் எஸ் 9" என்றார். இரண்டாவது, டைபோல். எஸ் என்பது சிக்னல் பலத்தின் அளவு. ஒரு எஸ் யூனிட் குறைந்தால் 6 டெசிபல், அதாவது பவரில் நாலில் ஒரு பங்கு. ரேடியோ 100 வாட் கொடுத்தாலும் அவருக்கு 25 வாட் கொடுத்தது போலத்தான். 14 மெகா ஹெர்ட்ஸுக்குப் போனால் இழப்பு குறைந்தது, பெரிய குறை இல்லை. 3.6க்கு இறங்கியபோதுதான் வலி. அந்த அலைக்கு 14 மீட்டர் ரொம்பக் குட்டை, பெரும்பங்கு ரெசிஸ்டருக்கே போய்விடுகிறது. ஒருநாள் ராத்திரி அங்கே 40 வாட்டில் டிஜிட்டல் மோடு (கணினி வழியாகச் செய்தி அனுப்புவது) ஓட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு மாதிரி விட்டு விட்டுப் போகாமல், ஒன்று விட்டு ஒரு 15 விநாடி முழு பவரும் தொடர்ந்து போகும். மறுநாள் இறக்கிப் பார்த்தால் வெள்ளைக் குழாய் நடுவில் இளகி, வெந்த பனங்கிழங்கு மாதிரி வளைந்திருந்தது. உள்ளே நாலு ரெசிஸ்டரில் வண்ணக் கோடே தெரியவில்லை, எல்லாம் கரி.

ஒன்று மட்டும் அதன் பக்கம் நின்று சொல்கிறேன். கேட்பதற்கு அது நல்ல ஆன்டெனா. நம் பேண்டுகளில் வானத்து இரைச்சலும் தெருவிளக்கு இரைச்சலும்தான் எல்லை. ஆன்டெனா பாதியை விழுங்கினாலும் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே குறையும், தெளிவு அப்படியே இருக்கும். அதனால்தான் வாங்கியவர்கள் பலருக்கு நஷ்டம் தெரிவதில்லை. தான் கேட்பது நன்றாக இருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

நமக்குத் தேவையும் இல்லை தம்பி. நம் நாட்டில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரை. 20 மீட்டர் 14.0 முதல் 14.35 வரை. இப்படிச் சின்னச் சின்ன ஜன்னல்கள்தான் நமக்குக் கொடுத்திருப்பது. ஏழெட்டு ஜன்னலுக்காகச் சுவரையே இடிக்க வேண்டுமா?

நீங்கள் செய்ய வேண்டியது இது. 143ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் முழு நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20.1 மீட்டர், 14.2க்கு 10.1 மீட்டர். இரண்டையும் ஒரே நடுப்புள்ளியில் ஒரே கேபிளில் கட்டுங்கள், முனைகள் மட்டும் விலகி இருக்கட்டும். நீளமான கம்பி 21 மெகா ஹெர்ட்ஸுக்கும் ஓரளவு ஒத்துவரும், அங்கே அதன் நீளத்தில் அரை அலை மூன்று அடங்கும். உங்கள் மாடி 18 மீட்டர்தானே, இரண்டு முனையையும் ஒரு மீட்டர் தொங்க விடுங்கள். பேசும்போது முனையில் வோல்டேஜ் அதிகம், பிள்ளைகள் கை எட்டாத உயரம் பாருங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. வயரே போதும். மேலே உறை இருப்பதால் கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் முடியும். அதனால் நீளமாக வெட்டிவிட்டு, மீட்டர் பார்த்து நறுக்கிக்கொண்டே வாருங்கள். 80 மீட்டர் பேண்ட் (3.5 மெகா ஹெர்ட்ஸ்) இதில் வராது. அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊரில் இரண்டு நாள் போன் வேலை செய்யவில்லை. அப்போதுதான் ஹாம் ரேடியோ ஆசை வந்தது. ஒரு பையில் எடுத்துப் போகிற மாதிரி, ஒற்றை முனையில் கேபிள் மாட்டும் கம்பியில் எது நல்லது? ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மரா, நாற்பத்தொன்பதுக்கு ஒன்றா?
– ஏரல் கல்லூரி மாணவி

பதில்: அந்த 17, 18 தேதிகளை எப்படி மறப்பது அம்மா? உங்கள் பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே.

உங்கள் தேவைக்கு 49. 20 மீட்டர் கம்பி 7 மெகா ஹெர்ட்ஸில் அரை அலை. அதன் முனையில் இம்பீடன்ஸ் (ரேடியோ அலைக்கான தடை) இரண்டாயிரத்து ஐந்நூறு ஓம் பக்கம், 49ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐம்பது. கேபிளும் ரேடியோவும் எதிர்பார்ப்பது அதைத்தான். அதே கம்பி 14, 21, 28இலும் ஒத்துவருகிறது. டியூனர் இல்லாமல் நாலு பேண்ட். விலை என்னவென்றால், டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் பவரில் ஒரு பங்கைச் சூடாகத் தின்னும். சின்ன வளையத்தில் 100 வாட் ஓட்டினால் கை வைக்க முடியாது. 20 வாட்டுக்குக் கவலையில்லை.

ஒன்பதுக்கு ஒன்று எந்த நீளத்துக்கும் சரி என்று விற்கிறார்கள். அதற்கு டியூனர் வேண்டும், தரையில் எதிர்க்கம்பியும் வேண்டும். அதைப் போடாவிட்டால் கேபிளின் வெளிப்புறக் கம்பிப் பின்னலே ஆன்டெனாவின் மறுபாதியாகி மைக்கைத் தொட்டால் சுரீர் என்னும். எர்த் கம்பியை நட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் வயல் சேறும் உங்கள் பக்கத்துத் தேரி மணலும் ஒன்றா? காய்ந்த மணலில் கம்பியை எவ்வளவு ஆழம் அடித்தாலும் பலன் குறைவு. நாலைந்து கம்பியைத் தரையில் விரித்துப் போடுவது மேல்.

கம்பி உயரமாக இல்லையே என்று வருந்த வேண்டாம். ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டிய 40 மீட்டர் பேண்டுக்கான கம்பி நேர் மேலே அனுப்பும், அது அயனி மண்டலத்தில் பட்டு நம் தலையைச் சுற்றியே இறங்கும். பகலில் நெல்லை, மதுரை, கொல்லம் எல்லாம் அதில் வரும். வெள்ளத்தில் உங்களுக்கு வேண்டியது அமெரிக்கா இல்லையே, பக்கத்து மாவட்டம்தானே.

கேள்வி: பனைமரத்தில் ஆன்டெனா கட்டலாமா? ஆனி ஆடிக் காற்றில் மூன்று தடவை அறுந்துவிட்டது.
– பணகுடி வாசகர்

பதில்: கட்டலாம், பனை தென்னையைப் போல ஆடாது. கம்பியை மரத்தோடு இறுக்கிக் கட்டியதுதான் தப்பு. ஒரு பக்கம் கப்பி மாட்டி, நைலான் கயிற்றை அதன் வழியாக இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்க விடுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்குக் கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. ஆணி அடிக்காதீர்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ஏற வேண்டுமானால் பனையேறி ஒருவருக்குக் கூலி கொடுத்து ஏற்றுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.