ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், 23 பாடங்கள்
வாசகர் கேள்வி – பதில்

(தருமபுரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் விடையளிக்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆண்டுத் திட்டத்தைப் பற்றியே கேட்டிருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.)

கேள்வி: ஐயா, பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். தலைமையாசிரியர் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளையும், நான் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் கவனித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பாடம் பாடமாக, வகுப்பு வகுப்பாக ஆண்டுத் திட்டம் எழுதுகிறேன். ஆகஸ்ட் முடிவதற்குள் அது பதிவேட்டில் மட்டும் இருக்கிறது; வகுப்பறையில் வேறொன்று நடக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– ஓர் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் தவறு சோம்பலில் இல்லை, எழுதும் முறையில் இருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியல் பிரிந்து அறிவியலும் சமூக அறிவியலும் ஆகி, வகுப்புக்கு ஐந்து பாடங்கள். ஆக மொத்தம் 23. இருவர் இருக்கும் பள்ளியில் 23 தனித்தனித் திட்டங்களை எழுதி வைத்தால், அவை ஒன்றோடொன்று மோதுவது எழுதியவருக்கே தெரியாது. ஏனெனில் ஒவ்வொரு திட்டத்தையும் நாம் ஜூனிலிருந்து ஏப்ரல் வரை நெடுக்கே படிக்கிறோமே தவிர, ஒரே வாரத்தில் எல்லா வகுப்புகளுக்கும் என்ன வருகிறது என்று குறுக்கே படிப்பதில்லை. உங்களைப் போல் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியருக்குக் குறுக்கே படிப்பதுதான் முதல் வேலை.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். நான்கைந்து சார்ட் தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். மேலே வாரங்கள், இடப்பக்கம் வகுப்புகளும் பாடங்களும். எழுதுவதற்கு முன்பு நாட்களை எண்ணுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் வரையறுக்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் நான்கு மணி நேரம் வருகிறது. 200 நாட்களை ஐந்து நாள் வாரங்களாக்கினால் 40 வாரங்கள். இந்த 40 வாரங்களில் வாரத்துக்கு நான்கு நாட்களுக்கு மட்டுமே பாடம் எழுதுங்கள். ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவதற்கு மனம் வராது, எனக்கும் வரவில்லை.

முதன்முதலாகத் தலைமையாசிரியரான ஆண்டில் ஒரு நாளும் விடாமல் நிரப்பி, வண்ண மையால் அழகாக எழுதி வைத்தேன். ஊர்த் திருவிழா வந்தது, மழைக்கு இரண்டு நாள் போயிற்று, பயிற்சி வகுப்புக்கு நானே மூன்று நாள் போனேன். அரையாண்டு விடுமுறைக்குள் மூன்று வாரம் பின்தங்கிவிட்டு, அதை ஈடுகட்ட ஐந்தாம் வகுப்புக்குப் பின்னங்களை நான்கே நாளில் ‘முடித்தேன்’. அந்தக் குழந்தைகள் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு அங்கிருந்த கணக்காசிரியர் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்து, ‘அரையும் கால் பாகமும் கேட்டால் முழிக்கிறார்களே’ என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையைத் திட்டத்தில் எழுதுவதை நிறுத்தினேன். விடுபட்டது வெள்ளியில் நிறையும்; விடுபட்டது எதுவும் இல்லாவிட்டால் அந்த வாரப் பாடத்தை மறுமுறை பார்க்கலாம், நூலகப் புத்தகங்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாம்.

அடுத்தது, சுமை பார்த்தல். ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் ஆசிரியர் பக்கத்திலேயே நின்று கற்பிக்க வேண்டிய அலகுகள் சில, குழந்தைகள் தாமாகவே பயிற்சி செய்யக்கூடிய அலகுகள் பல. முதல் வகையைச் சிவப்பு மையால் எழுதுங்கள். நான்காம் வகுப்புக்குப் பின்னம் புதிதாகத் தொடங்கும் வாரத்தில் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலத்திலோ கணக்கிலோ மற்றொரு சிவப்பு அலகு இருந்தால், அவற்றில் ஒன்றை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஒரே பாடவேளையில் ஒரு வகுப்புக்குப் புதுப் பாடமும் மறுவகுப்புக்குப் பயிற்சியும் என்று அமைவதே ஈராசிரியர் பள்ளிக் கால அட்டவணையின் உயிர். அந்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுப்பது கால அட்டவணை அன்று, ஆண்டுத் திட்டம்தான்.

எவ்வளவு தள்ளலாம் என்று கேட்பீர்கள். 2012-13 முதல் முப்பருவ முறை நடைமுறையில் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு புத்தகம், பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு என்னும் தேர்வு. ஆகவே பருவ எல்லையைத் தாண்டி அலகுகளை மாற்றுவது அறிவுடைமை ஆகாது. பருவத்துக்குள் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஏறத்தாழ விருப்பம்போல் முன்பின்னாக்கலாம். கணக்கில் அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. இடமதிப்பு தெளியாத குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வராது. பெருக்கல் வாய்பாடு தயங்கும் குழந்தைக்கு வகுத்தல் வராது. ஆதலால் சுவர்த் தாளில் முதலில் கணக்கை எழுதி, அதை அசைக்காமல், மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

கேள்வி: எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக ஒரே கருப்பொருளை வைத்துப் பாடங்களை இணைக்கச் சொல்கிறார்கள். எங்கள் பகுதிக்குப் பொருத்தமான கருப்பொருள்களைச் சொல்ல முடியுமா? ஆண்டு முழுவதும் அப்படியே நடத்தலாமா?
– இளம் ஆசிரியர், பாலக்கோடு

பதில்: ஆண்டு முழுவதும் வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பணியாற்றியபோது ஒரு ஜூன் மாதம் முழுக்க மாம்பழத்தை வைத்தே எல்லாப் பாடத்தையும் நடத்தினேன். மாம்பழப் பாட்டு, மாம்பழக் கூட்டல், மாம்பழத்தின் பாகங்கள், மாம்பழம் ஏற்றுமதியாகும் நாடுகள். மூன்றாம் வாரத்தில் ஒரு சிறுவன் எழுந்து, ‘சார், இன்றைக்கும் மாம்பழமா?’ என்றான். வீட்டுத் தோப்பில் காலையிலும் மாலையிலும் அதையே பொறுக்கிக் கூடையில் அடுக்குபவன் அவன். வலிந்து இழுத்து வரும் இணைப்பைக் குழந்தைகள் நம்மைவிட விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பருவத்துக்கு ஒன்று போதும். அதுவும் பேசிவிட்டுப் போவதாக இல்லாமல் கையால் செய்யும் வேலையாக இருந்தால் ஐந்து வகுப்புக்கும் தானாகவே பிரியும். என் அனுபவத்தில் கேழ்வரகுக்கு இணையானது இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் மானாவாரி ராகி ஆடி, ஆவணியில் விதைக்கப்பட்டுக் கார்த்திகை, மார்கழிக்குள் அறுவடையாகும். பள்ளி வளாகத்தில் இரண்டு பாத்தி போதும். ஒன்றாம் வகுப்பு முளைகளை எண்ணும்; ‘வேர்’, ‘இலை’, ‘கதிர்’ என்று எழுதிய அட்டைகளைச் செடிக்குப் பக்கத்தில் நடும். இரண்டாம் வகுப்பு பத்துப் பத்தாகக் கட்டி எண்ணும். மூன்றாம் வகுப்பு வாரந்தோறும் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளக்கும். நான்காம் வகுப்பு அந்த அளவுகளை அட்டவணையாக்கி வரைபடம் வரையும். ஐந்தாம் வகுப்பு அறுவடையை எடைபோட்டு, உள்ளூர்ச் சந்தை விலைக்கு என்ன கிடைக்கும், செலவு போக என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்க்கும். (மிஞ்சுவதைப் பார்த்தபின் ஒரு மாணவி, ‘அதனால்தான் அப்பா பெங்களூருக்குப் போகிறார்’ என்றாள். அந்தப் பாடவேளையில் அதற்குமேல் கணக்கு நடக்கவில்லை.) வேலை முதல் பருவத்தில் தொடங்கி இரண்டாம் பருவத்தில் முடிவதால் இரு பருவங்களும் இயல்பாகவே தொடர்புபடும்.

தண்ணீர் மற்றொன்று. நம் பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், பற்களில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியக்கூடிய செய்திகள். அறிவியலும் சமூக அறிவியலும் வலிந்து இணைக்காமலே இங்கே இணைகின்றன.

வரலாற்றுக்குத் தேதிகளையே ஆணியாக அடித்துக்கொள்ளுங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று உங்களுக்கு அருகிலுள்ள பாப்பாரப்பட்டியில்தான் மறைந்தார். அது முதல் பருவம். ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அது இரண்டாம் பருவம். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்ததைச் சொல்ல எந்தப் பருவமும் பொருந்தும். புறநானூற்றின் 91-ஆம் பாடலை ஆசிரியர் முதலில் தாம் படித்துவிட்டுப் போனால் கதை இன்னும் நன்றாக வரும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தமிழ் எழுத்துகளை எந்த மாதத்தில் தொடங்கி எந்த வரிசையில் நடத்துவது?
– ஆசிரியை, தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: முதல் ஆறு வாரம் எழுத்து வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டு, கதை, கட்டளை, விளையாட்டு என்று காதும் வாயும் பழகட்டும். வீட்டு மொழியில் குழந்தை விடை சொன்னால் ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்; திருத்தாதீர்கள்.

பிறகு வரிசை. தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லிப் பயமுறுத்துவதில் பயனில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதமுள்ள 216-ம் சேர்க்கைகளே. அகர வரிசைப்படிதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளோடு புள்ளியையும் காட்டிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று குழந்தை முதல் வாரத்திலேயே சொற்களைப் படித்துவிடும். கோடு இழுக்கவும் எளியவை. அவ்வாறு எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போய், முதல் பருவ முடிவில் அகர வரிசை உயிர்மெய்களையும் புள்ளி வைத்த மெய்களையும் எட்டலாம். துணைக்கால் (கா), மேல்விலங்கு (கி), கொம்பு (கெ) ஆகியவற்றை இரண்டாம் பருவத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்; குறியீடு மாறாமல் வருவதால் ஒன்றைக் கற்றால் பதினெட்டுக்கும் பொருந்தும். கு, சு, டு, ணு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளைத்தான் கடைசியில் வைக்க வேண்டும். அவற்றுக்கு மட்டும் மூன்றாம் பருவத்தில் ஐந்தாறு வாரங்களை ஒதுக்குங்கள். திட்டத்தில் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு நாட்களை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத் தரும் பயிற்சிகள் உங்களிடம் இருக்கும். நிலை என்பது குழந்தை இன்று நிற்கும் இடம் மட்டுமே. ஆகஸ்டில் அரும்பாக இருந்தவனை ஜனவரியிலும் பழக்கத்தால் அதே வரிசையில் உட்கார வைத்துவிடாமல், நிலையை மீண்டும் பார்க்கும் நாட்களையும் ஆண்டுத் திட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரிலிருந்து பல குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுகின்றன. மூன்றாம் பருவத்தில் வகுப்பே மெலிந்துவிடுகிறது. இதற்கு என்ன திட்டம் போட முடியும்?
– தலைமையாசிரியர், அரூர் வட்டம்

பதில்: போகிற குழந்தைகள் யார் யார் என்பது உங்களுக்கு ஜூனிலேயே தெரியும், ஆண்டுதோறும் போகிறவர்கள்தாமே. அவர்களுக்கு மட்டும் ஆண்டு ஏப்ரலில் முடியவில்லை, பொங்கலில் முடிகிறது என்று வைத்துக்கொண்டு, படித்தல், எழுதுதல், நான்கு அடிப்படைச் செயல்கள் ஆகியவற்றை டிசம்பருக்குள் உறுதிப்படுத்துங்கள். நான் முன்னே சொன்ன வெள்ளிக்கிழமைகளை இரண்டாம் பருவத்தில் இவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

பாத்திரத்தையும் படுக்கையையும் மூட்டை கட்டும்போது மூன்றாம் பருவப் புத்தகமும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை எதுவரை முடித்திருக்கிறான், எதில் தடுமாறுகிறான் என்று அரைப் பக்கம் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தனுப்பினால், போகும் இடத்துப் பள்ளியின் ஆசிரியர் முதல் மாதத்தை வீணாக்காமல் தொடங்குவார். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இதைப் பெற்றோரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்; அந்த அரைப் பக்கத்தின் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டு, பள்ளி முத்திரையும் வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: மகள் படிக்கும் தனியார் பள்ளியில் ஆண்டுப் பாடத்திட்டத்தை அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். பெற்றோர் அதில் எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: எத்தனை பாடம் என்று பார்க்காதீர்கள். திருப்புதல் என்பது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் இருக்கிறதா, இடையிடையேயும் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாத வாரம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், பெற்றோர் கூட்டத்தில் ‘ஒரு வாரம் விடுமுறை விட நேர்ந்தால் எந்தப் பாடத்தைக் குறைப்பீர்கள்?’ என்று பணிவாகக் கேளுங்கள். அதற்கு உடனே விடை சொல்லக்கூடிய ஆசிரியர் திட்டத்தைத் தாமே எழுதியவர்.