என்.டி.டி. வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி: காரைக்குடியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். சொந்த ஊர் தேவகோட்டை. ஒரு பயிற்சி நிலையத்தில் 12 நாளில் ஆறு என்.டி.டி. (பொருளை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை) முறைகளில் லெவல் 2 (தானே சோதித்து முடிவு சொல்லும் நிலை) சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். திருச்சி அருகே திருவெறும்பூர்ப் பக்கம் வேலை தேடலாம் என்று எண்ணம். "கதிர் வீச்சு வேலை, நாளைக்குக் குழந்தை குட்டிக்கு ஆகாது" என்று அப்பத்தா தடுக்கிறார். சைட்டில் பெண்களை எடுப்பார்களா? சேரலாமா?

பதில்: இந்த வேலைக்குப் போங்கள். அந்த 12 நாள் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

12 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 96 மணி. பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் எஸ்.என்.டி. டி.சி. 1ஏ வழிகாட்டுதலில் பள்ளிக் கல்வித் தகுதிக்கு யு.டி. (ஒலி அலையால் உள்ளே இருக்கும் குறையைக் காணும் சோதனை) ஒன்றுக்கே, லெவல் 1, 2 இரண்டுக்கும் சேர்த்து, 80 மணிப் பயிற்சி. டிப்ளமோவுக்குக் கொஞ்சம் குறையலாம். அப்படிக் குறைத்தாலும் ஆறு முறை 96 மணிக்குள் அடங்காது.

இன்னொன்றையும் அந்த நிலையத்தார் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டுதலின்படி உங்களை லெவல் 2 ஆக அங்கீகரிப்பது வேலை தரும் கம்பெனிதான். நிலையம் தரும் காகிதம் பயிற்சிக்கும் தேர்வுக்கும் சாட்சி, அவ்வளவுதான். அங்கீகாரத்துக்கு அனுபவ மணிகளும் வேண்டும். லெவல் 1-ஐயும் சேர்த்து யு.டி. லெவல் 2-க்கு 840 மணி, டி.பி. டெஸ்டுக்கு (சாயம் பூசி மேற்பரப்பு விரிசலைக் காணும் சோதனை) 210 மணி. கம்பெனி மாறினால் புதுக் கம்பெனி மறுபடி அங்கீகரிக்க வேண்டும். அப்போது கை கொடுப்பது மேலதிகாரி கையெழுத்திட்ட லாக் புக் (செய்த மணிகளைக் குறிக்கும் பதிவேடு) மட்டுமே.

பெண்களுக்குச் சறுக்குவதும் இங்கேதான். "வெயில்ல எதுக்கும்மா, நீ ரிப்போர்ட் டைப் பண்ணு" என்று அக்கறையாகத்தான் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ரிப்போர்ட் அடித்த கைக்கு யு.டி. கருவியின் புரோப் பிடித்த மணி இருக்காது. கூடச் சேர்ந்த பையன் லெவல் 2 ஆகியிருப்பான். அதனால் நேர்முகத் தேர்விலேயே "வாரத்துக்கு எத்தனை நாள் ஷாப்பில் டெஸ்ட், லாக் புக்கில் யார் கையெழுத்து போடுவார்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதலில் டி.பி.யும் யு.டி.யும் போதும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் என்.டி.டி. பயிற்சி நடத்துகிறது. இந்தத் துறைக்கான இந்தியச் சங்கமான ஐ.எஸ்.என்.டி.யும் நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் உண்மையான விரிசல் உள்ள மாதிரித் துண்டுகளில் கையால் செய்ய விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். தேர்வு மூன்று தாள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம், சராசரி 80. கண் பரிசோதனையும் உண்டு: 30 செ.மீ. தூரத்தில் ஜேகர் 2 (கண் பரிசோதனை அட்டையின் பொடி எழுத்து) தெரிய வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் செல்லும்.

டி.பி. சுலபம் என்று பேர். கோட்டை விடுவதும் அதில்தான் அதிகம். வழக்கமான பெனட்ரண்டுகளுக்கு (விரிசலுக்குள் இறங்கும் சாயத் திரவம்) உலோகப் பரப்பின் வெப்பம் 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் நடுப்பகல் வரை கிடந்த தகடு அதைத் தாண்டிவிடும். பெனட்ரண்ட் காய்ந்து விரிசலுக்குள் இறங்காது. காலையிலேயே முடியுங்கள், இல்லையென்றால் நிழலுக்கு நகர்த்துங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

சிவப்பு பெனட்ரண்ட் அடித்து 10 நிமிடம் விடுங்கள். முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிளீனரை நேரே வெல்டின் மேல் ஸ்ப்ரே பண்ணினால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போய்விடும், மோசமான வெல்டு 'ஓகே' ஆகிவிடும். அவசரத்தில் அனுபவஸ்தர்களே செய்கிற தவறு இது. டெவலப்பர் (விரிசலில் இருக்கும் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சு) டப்பாவை நன்றாகக் குலுக்கி, உலோகம் லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக அடியுங்கள். கெட்டியாக அடித்தால் நுண்ணிய கோடு மறைந்துவிடும். டெவலப்பர் காய்ந்து 10 நிமிடத்துக்குப் பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெளிச்சம் 1000 லக்ஸ்.

அப்பத்தாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: டி.பி., எம்.பி.ஐ. (காந்தத்தால் விரிசல் காணும் சோதனை), யு.டி. எதிலும் கதிர் கிடையாது. கதிர் இருப்பது, கதிரால் வெல்டைப் படம் எடுக்கும் ஆர்.டி.யில். அந்தக் கருவியைத் தொட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தனிப் பயிற்சி வேண்டும், 12 நாள் காகிதம் செல்லாது. பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட் (உடலில் படும் கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு மீதி மாதங்களுக்குக் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்தான், ஆகவே உடனே தெரிவித்துவிட வேண்டும். நீங்கள் ஆர்.டி.க்கே போகாவிட்டாலும், பக்கத்தில் ஷூட்டிங் (கதிர்ப் படம் எடுப்பது) நடக்கும்போது கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள். பின்னாளில் ஃபிலிம் வாசிப்பு கற்றுக்கொள்ளலாம். அது மேசை வேலை, கதிர் கிடையாது.

சைட்டில் பெண்களை எடுக்கிறார்கள், ஆனால் குறைவு. ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்) காலத்தில் இரவு வேலை வரும். 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 43-ஆம் பிரிவுப்படி மாலை 7-க்குப் பின்னும் காலை 6-க்கு முன்னும் உங்கள் சம்மதம் இல்லாமல் வேலை வாங்க முடியாது. திரும்பி வர வண்டி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உங்கள் அளவுக்குப் பாதுகாப்பு ஷூ மூன்றையும் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஷூவைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள்: ஆண்கள் அளவு 7-ஐப் பஞ்சு திணித்துப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினால் கால் இடறும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனியில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் அதில் புகார் தரலாம்.