பாடகரே இல்லாத ஸ்பேஸ் ராக் ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

ஸ்பேஸ் ராக், அதாவது விண்வெளியில் மிதப்பது போன்ற உணர்வைத் தரும் ராக் இசை, ஒரு வரிகூடப் பாடாமல் ஓடும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாழ்ந்த, கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டாரைப் பிடியுங்கள். கச்சேரியில் தம்புரா மாதிரி, அது பெரும்பாலும் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் அதன்மேல்தான் மிதக்கும்.

தொடங்குவதற்கு, இங்கிலாந்தின் ஓஸ்ரிக் டென்டக்கிள்ஸ் குழு 1993-இல் வெளியிட்ட 'ஜுராசிக் ஷிஃப்ட்' நல்ல ஆல்பம். அதை நான் முழுசாகக் கேட்டது செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தபோது சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக ஒலித்தது. பிறகு மெல்ல மெல்லத் திறந்துகொண்டது. அது ஃபில்டரின் வேலை: கூர்மையான ஒலிகளை முதலில் அடைத்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். ஆரியங்காவுப் பக்கம் வெளிச்சம் வந்தபோது எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது.

அப்புறம் டிலே. கிட்டாரில் மீட்டிய ஸ்வரம் ஒரு நொடிக்குள் எதிரொலியாகத் திரும்பி வரும். அதோடு அடுத்த ஸ்வரத்தைக் கோத்துக்கொண்டே போவார்கள்.

ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், பேஸ் காதில் விழாது. ஹெட்போன் போட்டு, ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.