குளுட்டமேட் ஒன்று, ஏற்பிகள் பல: இயக்கப் புறணி கேள்வி பதில்

கை கால்களுக்கு ஆணையிடும் மூளைப் பகுதி இயக்கப் புறணி. அங்கே ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைத் தூண்ட வெளியிடும் வேதிப்பொருள் குளுட்டமேட்; அதைப் பிடித்துக்கொள்ள அடுத்த செல்லின் மேல் இருக்கும் புரதம்தான் ஏற்பி. இந்தத் தூண்டல் எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

மேடம், தூண்டுவது குளுட்டமேட் என்றால் ஏற்பிக்கு என்ன வேலை?

தூண்டல் எத்தனை வேகமாக வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் ஏற்பியின் கையில்தான் இருக்கிறது. ஆம்பா என்ற வகை ஏற்பியில் குளுட்டமேட் ஒட்டியதும் சோடியம் உள்ளே பாயும். சில மில்லி வினாடிகளில் அடங்கிவிடும். என்எம்டிஏ என்ற இன்னொரு வகை ஏற்பியின் துளையையோ மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். செல் ஏற்கெனவே ஓரளவு தூண்டப்பட்டிருந்தால்தான் அது விலகும். அப்போது கால்சியமும் நுழையும், மின்னோட்டமும் கூடுதல் நேரம் நீடிக்கும். புதிய அசைவைப் பழகும்போது நரம்பு இணைப்புகள் வலுப்பெற இந்தக் கால்சியம் முக்கியக் காரணம்.

மண்டையைத் திறக்காமல் இதை மனிதரிடம் பார்க்க முடியுமா?

முடியும். 1985இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் தலைமேல் காந்தச் சுருளை வைத்தே கைத்தசையைத் துடிக்கவைத்தார்கள். 1993இல் வந்த இரட்டைத் துடிப்புச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பலவீனமான காந்தத் துடிப்பு, அப்புறம் வலுவான துடிப்பு. இடைவெளி 1 முதல் 6 மில்லி வினாடி என்றால் தசையின் பதில் குறையும். 10 முதல் 15 என்றால் பெருகும். பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் மருந்தைக் கொடுத்தால் அந்தக் குறைப்பு இன்னும் கூடுகிறது. தூண்டலை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் காபா-ஏ ஏற்பியின் வேலை அது. இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்எம்டிஏவைத் தடுக்கும். அதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது பெருக்கம் குறைந்தது.

அஜினோமோட்டோவும் குளுட்டமேட்தானே, மூளைக்குப் போகாதா?

சாப்பாட்டில் சேர்ப்பதைக் குடலே பெரும்பாலும் செலவழித்துவிடும். மிச்சத்தை ரத்த-மூளைத் தடுப்பு நிறுத்தும். நேரடியாகப் போனால் கதையே வேறு. 1950களில் ஜப்பானின் தகாஷி ஹயாஷி நாய்களின் இயக்கப் புறணியில் சோடியம் குளுட்டமேட்டைச் செலுத்தினார், வலிப்பு வந்தது.

மாமாவுக்கு ஏஎல்எஸ், அதாவது தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழியும் நோய். ரிலுசோல் தந்திருக்கிறார்கள். ஏற்பியை அடைக்கும் மருந்தா அது?

முக்கியமாக, குளுட்டமேட் வெளிவருவதைக் குறைக்கும் மருந்து. ஏஎல்எஸ் நோயாளிகள் பலரிடம் இயக்கப் புறணி மிகையாகத் தூண்டப்படுகிறது; இரட்டைத் துடிப்புச் சோதனையில் வரும் அந்தக் குறைப்பு அவர்களிடம் பலவீனமாக இருக்கும். அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது, சில மாதங்கள் ஆயுளை நீட்டிக்கும். அந்த மாதங்கள் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியவை என்பது புரிகிறது. வெறும் வயிற்றில் கொடுங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் எடுத்துவிடுங்கள்.