சில நூறு பேர் வாழும் ஆங்கிலேயக் கிராமத்தில் இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு? யார் பணத்தில் கட்டினார்கள்?

கட்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான். ஆனால் கட்டிய காலத்தில் அது சின்ன ஊர் இல்லை.

நான் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் இந்தக் கேள்வி எழும். எல்லாக் கோவில்களையும் பொதுவாகப் பேசுவதைவிட, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்: பிளைத்பரோவில் உள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம். ஏ12 நெடுஞ்சாலையில் போகும்போதே சதுப்பு நிலத்துக்கு மேலே நீளமாகத் தெரியும். 'சதுப்பு நிலங்களின் பேராலயம்' என்று இங்கே சொல்வார்கள். உண்மையில் அது பேராலயம் அல்ல, ஒரு ஊரின் பங்குக் கோவில்.

15ஆம் நூற்றாண்டில் பிளைத்பரோ ஒரு ஆற்றுத் துறைமுகம். பிளைத் ஆற்றில் படகுகள் வந்தன, சந்தை நடந்தது, கையில் காசு இருந்தது. அந்தக் காசு ஏன் கோவிலுக்குப் போனது என்பதற்கு உத்தரிக்கும் ஸ்தலத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் முக்கியக் காரணம். செத்த பிறகு ஆத்துமா அங்கே வேதனைப்படும். உயிரோடு இருப்பவர்கள் ஜெபித்தால் அந்தக் காலம் குறையும். அதனால் வசதியுள்ளவர்கள் உயிலில் கோவில் வேலைக்குப் பணம் எழுதி வைத்தார்கள். தங்கள் பெயர் அங்கே சொல்லப்பட வேண்டும், தங்களுக்காக ஜெபிக்கப்பட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இதைப் பணக்காரர்களின் பகட்டு என்று மட்டும் பார்ப்பது அநியாயம் என்பது என் கருத்து. பயமும் பக்தியும் ஊர்ப்பெருமையும் சேர்ந்து கட்டிய சுவர்கள் இவை.

இன்னொரு விஷயமும் உண்டு. அன்றைய வழக்கப்படி, பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது கோவிலின் வருமானத்தைப் பெறுபவரின் பொறுப்பு. மக்கள் கூடும் நடுக்கூடம் ஊரார் பொறுப்பு. பிளைத்பரோவில் வருமானம் போனது அங்கிருந்த அகஸ்தீன் துறவியர் மடத்துக்கு. நடுக்கூடம் ஊராரின் சொந்தம் என்பதால் அதில் தாராளமாகச் செலவழித்தார்கள். சஃபோக் கோவில்களில் நடுக்கூடம் அகலமாகவும் வெளிச்சமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சம் என்றதும் மேல்வரிசை ஜன்னல்களைச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்குப் பதினெட்டு, தூண்களுக்கு மேலே ஒரே வரிசையில். சஃபோக்கில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் கிடையாது. சக்கிமுக்கிக் கல்தான் கிடைக்கும். அதனால் சுவரை அந்த முண்டுக் கற்களாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பி, மூலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் மட்டும் செதுக்கும் கல்லை வெளியூரிலிருந்து வரவழைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே நடுக்கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையில் வளைவு கிடையாது. மரக்கூரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே நீட்டாக ஓடுகிறது. அதன் உத்தரங்களின் நடுவே முதுகோடு முதுகாக, இறக்கை விரித்த தேவதூதர்கள். அன்று பூசிய வண்ணம் மங்கலாக இன்னும் இருக்கிறது.

இந்தத் தேவதூதர்களைப் பற்றி ஒரு கதை பரவலாக உண்டு. கோவில்களில் உருவங்களே கூடாது என்ற கடும் புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்களின் காலத்தில் அவற்றை உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் இவற்றைச் சுட்டார்கள், மரத்தில் இருக்கும் ஈயக் குண்டுகள் அதற்குச் சாட்சி என்பார்கள். டௌசிங் 1644 ஏப்ரலில் இங்கே வந்தது உண்மை. இருபது கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும், இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளில் அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் ஈயக் குண்டுகள் அவர் ஆட்களுடையவை அல்ல. கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுட வெடிமருந்துக்கும் ஈயத்துக்கும் பணம் கொடுத்ததாக 18ஆம் நூற்றாண்டுக் கோவில் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது. கூரை அவ்வளவு உயரத்தில் இருந்ததால்தான் தேவதூதர்கள் தப்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முன்பே கோவிலுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது. 1530களில் மன்னர் எட்டாம் ஹென்றி இந்த ஊர் மடம் உட்பட மடங்களை மூடினார். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு ஆராதனை நேரத்தில் பெரும் இடிமின்னல். கோபுரத்தின் கூர்முனை கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்துபோனார்கள். கருப்பு நாய் வடிவில் பிசாசு வந்து போனதாக ஊரில் கதை. வடக்கு வாசல் கதவில் இருக்கும் கரிந்த தடங்களை அதன் நகக்கீறல் என்று காட்டுவார்கள்.

அப்புறம் ஆற்றில் வண்டல் சேர்ந்தது, கப்பல்கள் பெரிதாயின, வியாபாரம் போய்விட்டது. 1676இல் ஊரில் தீவிபத்து வேறு. கூரையைப் பழுதுபார்க்கக்கூட வழியில்லாமல், 1881இல் கோவில் ஆபத்தானது என்று மூடப்பட்டு, 1884இல்தான் திரும்பத் திறந்தது. இதில் ஒரு நல்லதும் நடந்தது. பணம் இருந்த ஊர்களில் விக்டோரியா காலத்தவர்கள் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக்கிவிட்டார்கள். இங்கே பணம் இல்லை. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் தலையிட்டு, அதிகம் கைவைக்காதீர்கள் என்று வாதாடியது. அதனால்தான் அந்தக் கூரையை இன்று அப்படியே பார்க்க முடிகிறது.

போனால் பெஞ்சுகளின் முனைகளைத் தவறவிடாதீர்கள். தலையான பாவங்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள்: சோம்பல் படுக்கையில் கிடக்கிறது, பேராசை பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பெருந்தீனி தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரைக்கு ஒரு பைனாகுலர் எடுத்துப்போங்கள்.

நேரம் இருந்தால் அப்படியே வடக்கே கடற்கரையில் உள்ள கோவ்ஹைத்துக்கும் போய் வாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பெரிய கோவிலைப் பராமரிக்க முடியாமல், 1672இல் அனுமதி வாங்கி அதைப் பிரித்துவிட்டு, இடிந்த சுவர்களுக்கு நடுவிலேயே கூரை வேய்ந்த சின்னக் கோவில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பிளைத்பரோவில் பிரிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.