லைன் அறுந்தபோது இரண்டு கடையிலும் திருத்திய கோப்பு

இரு கடைகளையும் இணைக்கும் நெட் லைன் இல்லாத நேரத்தில் காரைக்குடிக் கடையிலும் தேவகோட்டைக் கடையிலும் அதே கண்டாங்கிச் சேலை இருப்புக் கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள். இப்போது திறந்தால் இன்புட்/அவுட்புட் எரர். இது கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS, ஒரே கோப்பைப் பல மெஷின்களில் பிரதியாக வைக்கும் மென்பொருள்) சொல்லும் ஸ்பிளிட்-பிரெயின், அதாவது இரு பிரதிகளும் முரண்பட்டு நிற்பது. ஒவ்வொரு பிரதியும் மற்றதைப் பழசு என்று குறித்து வைத்திருப்பதால் தானாகச் சரியாகாது.

முதலில் இரு பிரிக்கிலிருந்தும் (ஒவ்வொரு மெஷினிலும் பிரதி இருக்கும் ஃபோல்டர்) கோப்பை வெளியே நகலெடுங்கள். பிரிக்குக்குள் நேரடியாக எழுதவே வேண்டாம். பிறகு பிரதிகளைச் சரிசெய்யும் ஹீல் கட்டளையில் ‘சோர்ஸ்-பிரிக்’ கொடுத்து, சரியான பிரதியாக ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகத் திருத்திய பிரதியை எடுக்கும் ‘லேட்டஸ்ட்-எம்டைம்’ ஆபத்து: காரைக்குடியில் 11 மணிக்குப் பதிந்த 6 சேலை, தேவகோட்டையில் 11.05-க்குச் சேமித்ததால் காணாமல் போகும். விடுபட்ட வரிகளை நகலைப் பார்த்து, மவுண்ட் வழியாக (வழக்கமாகக் கோப்பைத் திறக்கும் ஃபோல்டர்) கையால் சேருங்கள்.

அடுத்து, இது மறுபடி நடக்காமல் இருக்க, காரைக்குடியிலேயே தனி மெஷினில் ஓர் ஆர்பிட்டர் பிரிக் (நடுவராக இருக்கும் மூன்றாவது பிரிக்) வையுங்கள். கோப்பின் பெயரும் மெட்டாடேட்டாவும் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்புகள்) மட்டுமே அதில் இருக்கும், சின்ன டிஸ்க் போதும். லைன் போனால், மூன்றில் இரண்டு பிரிக் காரைக்குடியில் இருப்பதால், தேவகோட்டையில் எழுத முடியாது; கணக்கு இரண்டாகப் பிரிவதைவிட அது எவ்வளவோ மேல்.